நாலு மேட்ச் பாயிண்ட்

மார்க்கர் மேட்ச் பார்க்கும் விதமே வேறு. பந்தைத் தொடர்ந்து கேலரியில் எல்லாத் தலைகளும் இடமும் வலமும் திரும்பிக்கொண்டிருக்கும். அவர் தலை திரும்பாது. மோயா நிற்கும் பாதியை மட்டும் பார்ப்பார். பந்து வலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டால் அதில் அவருக்கு வேலை இல்லை. அடித்து முடித்த மோயா எந்தக் காலை முதலில் எடுத்து வைக்கிறார், நடுவுக்கு வந்து சேர எத்தனை அடி ஆகிறது, அடுத்த பந்துக்கு முன் மூச்சு விட நேரம் கிடைத்ததா? அவருக்கு இதுதான் மேட்ச்.

2008 ஜனவரி 5, சனிக்கிழமை. நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கில் சென்னை ஓப்பன் அரையிறுதி. கார்லோஸ் மோயாவுக்கு எதிரில் ரஃபேல் நடால். நான் மார்க்கருக்கு நேர் பின்வரிசையில், இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தேன். அவருக்கு என் முகம் தெரியும். என் மகள் டென்னிஸ் பழகிய கிளப்பில்தான் அவருக்கு வேலை. வகுப்பு முடியும்வரை நான் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அவர் கடந்து போகும்போது தலையசைப்பார், நானும் அசைப்பேன். எங்களுக்குள் பேச்சு அதற்கு மேல் போனதில்லை. போகவும் வேண்டியிருக்கவில்லை.

அவருக்குப் பெயர் இருக்கும். கிளப்பில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மார்க்கர் என்பது வேலையின் பெயர். உறுப்பினருக்கு ஜோடி கிடைக்காத நாளில் எதிரில் நின்று ஆடுபவர். காலையில் கோர்ட்டுக்குத் தண்ணீர் தெளித்து, உருளை உருட்டி, கோடு போடுவதும் அவர்தான். மத்தியானத்தில் பேட்டுக்கு கட் போடுவார், அதாவது நரம்பு கோப்பார். பந்து பொறுக்கும் பையனாக உள்ளே வந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே தலை நரைத்தவர். ஐம்பதைத் தாண்டியிருந்தார். அவருடைய வலது முன்கை இடது கையைவிட ஒரு சுற்று பெருத்திருக்கும். அரைக்கைச் சட்டையில் அது பளிச்சென்று தெரியும். இரண்டும் ஒரே ஆளின் கைதானா என்று பார்க்கத் தோன்றும்.

பக்கத்தில் அவர் அக்கா மகன். பதினான்கு வயது இருக்கலாம். கை இல்லாத பச்சை பனியன், முழங்காலுக்குக் கீழே தொங்கும் முக்கால் பேண்ட், நெற்றியில் துணிப்பட்டை. நடால் அந்தக் காலத்தில் எப்படி உடுத்துவாரோ அப்படியே, பாண்டி பஜார் பிளாட்பாரத்து விலையில். கிளப் சுவரில் அவன் இடது கையால் பந்தடித்துப் பழகுவதைப் பார்த்திருக்கிறேன். சோற்றுக்கை அவனுக்கு வலதுதான்.

ஆக, ஒரே வீட்டிலிருந்து வந்த இரண்டு பேர், அடுத்தடுத்த நாற்காலி, எதிரெதிர்க் கட்சி.

மோயா மேல் மார்க்கருக்கு ஏன் இத்தனை பிரியம் என்று அந்தப் பையனே ஒருநாள் கிளப்பில் கேட்டான். உலகத்தில் எத்தனையோ பேர் ஆடுகிறார்கள், பெடரர் இருக்கிறார், நடால் இருக்கிறார், இவரிடம் என்ன மாமா? மார்க்கர் 1998 பிரெஞ்சு ஓப்பனைச் சொல்லவில்லை. 1999 மார்ச்சில் இரண்டு வாரம் உலகின் முதலிடத்தில் இருந்ததையும், ஸ்பெயின் நாட்டிலிருந்து அந்த இடத்துக்குப் போன முதல் ஆள் அவர்தான் என்பதையும் சொல்லவில்லை. “காசைக் குடுத்துட்டுப் போனான்டா” என்றார். அவ்வளவுதான்.

எனக்கு விளங்கியது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தது. அடுத்த வாரமே சென்னை ஓப்பன். மெரினாவிலும் பட்டினப்பாக்கத்திலும் ஈரம் காயாத நேரம். முந்தைய ஆண்டு கோப்பை வாங்கிய மோயா அந்த வருடமும் வந்தார். இறுதியில் தாய்லாந்தின் பரடோர்ன் ஸ்ரீசாபனோடு மூன்றாவது செட் டைபிரேக் வரை இழுத்து ஜெயித்தார். பரிசுப் பணத்தை சுனாமி நிவாரணத்துக்குக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினார். இந்த ஊர்க்காரர்கள் மறக்கிற காரியமா அது? 2006இலும் இறுதிக்கு வந்து லூபிசிச்சிடம் தோற்றார். மயோர்காவில் பிறந்த அந்த மனிதர் ஒவ்வொரு மார்கழியிலும் வந்து போகிற உறவினராகவே சென்னைக்கு ஆகியிருந்தார்.

அந்த 2008 மேட்சுக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. நடாலும் மயோர்காக்காரர். மோயாவைவிட ஏறக்குறைய பத்து வயது சின்னவர். சிறுவனாக இருந்தபோதே மோயாவோடு பயிற்சி ஆடி வளர்ந்தவர். பதினாறு வயதில், 2003 ஹாம்பர்க்கில், மோயாவைத் தோற்கடித்தவர். 2004 டேவிஸ் கோப்பை இறுதியில் செவியாவில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் ஆண்டி ராடிக்கை வென்று ஸ்பெயினுக்குக் கோப்பை வாங்கித் தந்தார்கள். அண்ணன் கை பிடித்துக் கூட்டி வந்த தம்பி. அந்தத் தம்பியோடுதான் இந்த ராத்திரி அண்ணன் மோத வேண்டியிருந்தது.

முதல் செட் டைபிரேக்கில் 7-3 என்று மோயாவுக்கு. மார்க்கர் கை தட்டவில்லை. பாட்டிலைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பையனிடம் நீட்டினார். பையன் வேண்டாம் என்றான்.

பனி இறங்கத் தொடங்கியிருந்தது. நம் ஊர் மார்கழிப் பனியில் பந்தின் மயிர் ஈரம் குடித்துக் கனக்கும். கனத்த பந்து மட்டையை விட்டுப் புறப்பட யோசிக்கும். “நியூ பால்ஸ்” என்று நடுவர் சொல்லும்போதெல்லாம் மார்க்கர் நிமிர்ந்து உட்கார்ந்தார். புதுப் பந்து நான்கைந்து கேம்வரை இலேசாக, வேகமாகப் போகும். மோயாவின் ஃபோர்ஹேண்டுக்கு அதுதான் வேளை. தன் பேக்ஹேண்டு மூலைக்கு வருகிற பந்தையும் சுற்றி ஓடிப்போய் ஃபோர்ஹேண்டாக எடுத்து, எதிராளியின் காலி இடத்தில் வைப்பது மோயாவின் கைவரிசை. எதிரில் நிற்பவர் இடது கைக்காரர் என்றால் அந்த வித்தை இரண்டு மடங்கு கஷ்டம். நடால் சுழற்றி அனுப்புகிற பந்து மோயாவின் பேக்ஹேண்டு தோளுக்கு மேலே ஏறி வரும். சுற்றி ஓட நேரம் கிடைக்காது. நேரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும், ஒவ்வொரு பந்துக்கும், முப்பத்தொரு வயதுக் கால்களால். மார்க்கர் அந்தக் கால்களையே ஏன் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பிடிபட முதல் செட் முடிய வேண்டியிருந்தது.

அந்த நாலு மேட்ச் பாயிண்ட் இரண்டாவது செட்டில் வந்தது.

முதலாவதுக்கு மார்க்கர் பாதி எழுந்தார். முழுசாக எழவில்லை, நாற்காலியின் விளிம்பில் தொடையை ஊன்றி அப்படியே நின்றார். பந்து முடிந்ததும் உட்கார்ந்தார். இரண்டாவதுக்கு இரு உள்ளங்கைகளையும் முழங்காலில் அழுத்தி வைத்தார். வலது கைவிரல்கள் தாமாகவே பிடி மாற்றிக்கொண்டன, பேட்டின் கைப்பிடி உள்ளே இருப்பதாக நினைத்து. மூன்றாவதுக்கு எதுவும் செய்யவில்லை. மூச்சு விட்டாரா என்று எனக்குச் சந்தேகம்.

நாலாவதுக்கு அவர் கோர்ட்டைப் பார்க்கவில்லை. பையனைப் பார்த்தார்.

பையன் கண்ணை இறுக்கி மூடியிருந்தான். உதடு அசைந்துகொண்டிருந்தது. எந்தச் சாமியிடம் என்ன நேர்ந்துகொண்டானோ. கேலரி சட்டென்று அடங்கியது, பந்துச் சத்தம் மட்டும் போய் வந்து போய் வந்து, பிறகு ஒரே இரைச்சல். பையன் கண் திறந்தான். ஸ்கோர்போர்டைத் தேடினான். முகம் முழுக்க ஒரு வெளிச்சம் ஏறியது. மார்க்கருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. கோர்ட்டுப் பக்கம் திரும்பாமலே, “சரி” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அந்த டைபிரேக் 10-8. மூன்றாவது செட்டும் டைபிரேக்கில்தான் போய் நின்றது. ஆனால் அங்கே சண்டை இல்லை, 7-1. மூன்று மணி ஐம்பத்து நாலு நிமிடம் ஆடி முடித்து இருவரும் வலையருகே கை குலுக்கினார்கள். மோயா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியேறும்வரை மார்க்கர் நின்று கை தட்டினார். அந்த ராத்திரியில் அவர் கை தட்டியது அப்போதுதான்.

வெளியே வள்ளுவர் கோட்டம் பக்கம் நடக்கிற கூட்டத்தில் அவர்களுக்கு இரண்டடி பின்னால் நான். சைக்கிளில் டீ விற்பவரிடம் மார்க்கர் இரண்டு டீ வாங்கினார். நானும் ஒன்று வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றேன்.

“நாலு மேட்ச் பாயிண்ட் மாமா. நாலையும் விட்டுட்டாரு உங்காளு.”

“விடலைடா. நாலு வாட்டி கிட்ட போனான்.”

“ரெண்டும் ஒண்ணுதான?”

“இல்ல.”

பையன் டீயை ஊதினான். “முப்பத்தொண்ணு வயசு மாமா அவருக்கு.”

“தெரியும்.”

“அடுத்த வருஷம் முப்பத்திரெண்டு.”

“அதுவும் தெரியும்டா. நடால் இன்னிக்கு உலகத்துல ரெண்டாவது ஆளு. அவனை நாலு வாட்டி வாசல் வரைக்கும் கொண்டாந்து நிறுத்திருக்கான். அடுத்த வருஷம் ஒரு வாட்டி போதும்.”

டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தார்கள். மார்க்கரின் நடையில் தோற்ற கட்சிக்காரரின் தளர்ச்சியே இல்லை. ஜெயித்த பையன்தான் பின்னால் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டான்.

விடுவதற்கும் கிட்டப் போவதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல மார்க்கரைவிடத் தகுதியான ஆள் இல்லை என்று எனக்குப் பின்னால் தோன்றியது. அவர் தொழிலே அதுதானே. காலை ஆறு மணிக்கு ஆட வரும் உறுப்பினர் ஒருவரை அவர் நினைத்தால் 6-0 என்று அனுப்பிவிடலாம். அனுப்ப மாட்டார். 5-4 வரை கொண்டுவந்து, ஒரு சர்வீஸை வலையில் போட்டு, ஒரு லாபை அரை அடி வெளியே விட்டு, 6-4 என்று அவரை ஜெயிக்க வைப்பார். சில நாள் அதே கணக்கில் தானும் ஜெயிப்பார். எதிராளிக்கு நாளைக்கும் வரத் தோன்ற வேண்டும். அதற்கு இன்றைக்கு எந்த இடத்தில் முடிக்க வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரியும். பந்து பொறுக்கும் பையன்களைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது. எனக்கு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து தெரிந்தது. நெருக்கமான தோல்வியை வருடக்கணக்காகக் கையால் செய்து பழகிய மனிதர் அவர். செய்த தோல்வி எது, தானாக நேர்ந்தது எது என்று அவரால் பார்த்த மாத்திரத்தில் பிரிக்க முடியும். நுங்கம்பாக்கத்தில் அன்று ஒரு பந்தும் விட்டுக்கொடுத்த பந்து இல்லை. அந்த நாலையும் நடால் வந்து பறித்துக்கொண்டு போனார். பறித்துக்கொண்டு போனதைத் திரும்ப எடுக்கலாம் என்று அவர் நம்பியது எனக்கு வீம்பாகத் தெரியவில்லை. தொழில் தெரிந்தவரின் தீர்ப்பாகத்தான் தெரிந்தது.

மறுநாள் ஞாயிறு இறுதியாட்டம். ரஷ்யாவின் மிகயீல் யூஷ்னி நடாலை 6-0, 6-1 என்று அடித்தார். நடாலின் கால்கள் முந்தின ராத்திரியிலேயே தங்கிவிட்டன. ஓட வேண்டிய பந்துக்கு ஓடவில்லை; சில பந்துகளைத் திரும்பிப் பார்ப்பதோடு சரி. பையன் நெற்றிப் பட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அதன் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தான். மார்க்கர் அவனைச் சீண்டவில்லை. சமோசா வாங்கித் தந்தார். வெளியே வரும்போது மட்டும், “அவன் காலை எங்காளு நேத்தே எடுத்துட்டான்டா” என்று மெல்லச் சொன்னார். குரலில் குத்தல் இல்லை. கணக்குப் புத்தகத்தில் ஒரு வரவு எழுதுகிற நிதானம் இருந்தது. மோயா வென்றிருக்க வேண்டியவர் என்பதற்கு யூஷ்னியும் ஒரு சாட்சி.

6-0, 6-1 என்று தோற்றால் யாரும் இப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. எதிராளி பெரியவன், வீட்டுக்குப் போகலாம், அவ்வளவுதான். 10-8 என்று தோற்றதைத்தான் மனசு திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறது. எந்தப் பந்தை வேறு பக்கம் அடித்திருக்கலாம், எங்கே ஒரு அடி முன்னால் நின்றிருக்கலாம் என்று அதற்குள்ளேயே வேலை நடக்கிறது. சென்னை இந்த வேலையில் நன்றாகப் பழகிய ஊர். 1973 விம்பிள்டன் கால் இறுதி. பத்தொன்பது வயது விஜய் அமிர்தராஜ், யான் கோடெஸுக்கு எதிராக இரண்டுக்கு ஒன்று என்று செட்டில் முன்னால் இருந்து, ஐந்தாவது செட்டை 7-5 என்று இழந்தார். கோடெஸ் அந்த வருடக் கோப்பையைத் தூக்கினார். 1979இல் போர்க்குக்கு எதிராக அதே இரண்டுக்கு ஒன்று; நாலாவது செட் டைபிரேக்கில் போனது, ஐந்தாவதில் எல்லாம் போனது. 1981 கால் இறுதியில் ஜிம்மி கானர்ஸுக்கு எதிராக முதல் இரண்டு செட்டும் கையில். அடுத்த மூன்றும் கானர்ஸுக்கு. அப்போது இங்கே யார் வீட்டில் விம்பிள்டன் நேரலை? ரேடியோவில் ஒரு வரி, மறுநாள் பேப்பரில் நாலு பத்தி. அந்த நாலு பத்தியிலிருந்து முழு ஐந்து செட்டையும் மனசுக்குள் ஆடிப் பார்த்தவர்கள் இந்த ஊரின் கிளப்புகளில் நிறையப் பேர். மார்க்கர் அப்போது இளைஞர். கட் போடும் மேசைக்கு மேலே சுவரில், மஞ்சளாகிப்போன ஒரு விஜய் அமிர்தராஜ் படம் ஒட்டியிருக்கும். மோயாவின் படம் அதற்குப் பக்கத்தில் பிறகு வந்தது.

2009 ஜனவரியில் மோயா மறுபடியும் வந்தார்.

எதிரில் நிறுத்தப்பட்டவர் சோம்தேவ் தேவ்வர்மன். சென்னையில் வளர்ந்த பையன். அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு ஆடி, 2007இலும் 2008இலும் அந்நாட்டுக் கல்லூரிச் சாம்பியன் பட்டத்தை வாங்கி வந்திருந்தார். வைல்டு கார்டில் உள்ளே வந்தவர். கேலரி அன்று யார் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை. முந்தைய வருடங்களில் மோயாவுக்குக் கத்திய அதே தொண்டைகள் அன்று “சோம்தேவ், சோம்தேவ்” என்று கத்தின. அதில் தப்பில்லை. நம் பிள்ளை ஆடும்போது வேறு எப்படி இருக்க முடியும்?

மார்க்கர்தான் மாட்டிக்கொண்டார். ஒரு வருடமாகக் காத்திருந்தது இந்த நாளுக்கு. எதிரில் வந்து நிற்பதோ தன் ஊர்ப் பையன். மேட்ச் முழுக்க அவர் தலை, நான் பார்த்த அளவில் முதல் தடவையாக, பந்தோடு இடமும் வலமும் திரும்பியது. மோயாவின் கால்கள் முன்போல எழும்பவில்லை. ஒரு வருடத்துக்கு முன் சுற்றி ஓடிப் பிடித்த பந்துகளை இப்போது நின்ற இடத்திலிருந்து பேக்ஹேண்டில் எடுக்க வேண்டியிருந்தது. சோம்தேவ் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினார். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று. கடைசிப் பந்து முடிந்தபோது அரங்கம் எழுந்தது. சோம்தேவ் அந்த வாரம் கார்லோவிச்சையும் தாண்டி இறுதிவரை போனார். சென்னை ஓப்பன் ஒற்றையர் இறுதிக்கு வந்த முதல் இந்தியர். மாரின் சிலிச்சிடம்தான் நின்றார்.

மார்க்கரும் எழுந்து கை தட்டினார். யாருக்காகத் தட்டினார் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவராலும் முடிந்திருக்காது என்று நினைக்கிறேன். “நம்ம பையன் நல்லா ஆடினான்” என்றார் அக்கா மகனிடம். கொஞ்ச தூரம் போனபின், “அவனுக்கு இடுப்பு சரியில்ல போல. அதைப் பாத்துக்கிட்டான்னா...” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். பையன் அந்த ஒரு வருடத்தில் பெரியவனாகியிருந்தான். அவன் நடால் அதற்குள் விம்பிள்டனையும் ஒலிம்பிக் தங்கத்தையும் முதலிடத்தையும் சேர்த்து வாங்கியிருந்தும் அவன் வாயைத் திறக்கவில்லை. “ஆமா மாமா” என்றான்.

2010 நவம்பரில் மோயா ஓய்வை அறிவித்தார். அந்தச் செய்தி வந்த வாரம் கிளப்பில் எதுவும் வித்தியாசமாக நடக்கவில்லை. மார்க்கர் கோடு போட்டார், கட் போட்டார், உறுப்பினர்களை 6-4 என்று ஜெயிக்க வைத்தார்.

2012 ஜனவரியில் பையனின் முறை வந்தது. மெல்போர்னில் நடாலும் ஜோகோவிச்சும் ஐந்து மணி ஐம்பத்து மூன்று நிமிடம் ஆடிய அந்த இறுதி. ஐந்தாவது செட்டில் நடால் 4-2. அந்த கேமில் 30-15. காலியாகக் கிடந்த கோர்ட்டில் ஒரு பேக்ஹேண்டு. அது கோட்டுக்கு வெளியே போனது. அங்கிருந்து ஜோகோவிச் திரும்பி வந்து 7-5 என்று முடித்தார். பரிசளிப்பு விழாவில் இருவருக்கும் நிற்கத் தெம்பில்லாமல் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள்.

மறுநாள் மாலை நான் பெஞ்சில் இருந்தேன். கட் போடும் அறை என்பது மாடிப்படிக்குக் கீழே ஒரு மூலை. மேசையில் எடைக்கல் தொங்கும் பழைய மெஷின். பையன் அப்போது நன்றாகவே கட் போடுவான். ஒரு உறுப்பினரின் பேட்டை மாட்டியிருந்தான். நீள நரம்பு பதினாறும் இழுத்து முடித்துவிட்டுக் குறுக்கு நரம்பை மேலே கீழே, மேலே கீழே என்று கோத்துக்கொண்டிருந்தான். குறுக்கு நரம்பு போடும்போது விரல் நுனியால் ஒவ்வொன்றையும் நேராகத் தள்ளிவிட வேண்டும். ரொம்ப நேரம் செய்தால் நகக்கண்ணில் எரியும். மார்க்கர் ஸ்டூலில் உட்கார்ந்து பழைய கிரிப் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“4-2 மாமா.”

“ம்.”

“30-15.”

“ம்.”

“கோர்ட்டு காலியாக் கெடந்துச்சு. நான் அடிச்சாக்கூட உள்ள போயிருக்கும்.”

மார்க்கர் நிமிரவில்லை. எடைக்கல் இறங்கி நின்றது. பையன் கிளாம்பை இறுக்கினான். இன்னும் இரண்டு நரம்பு கோத்தபின், யாரிடமும் சொல்லாத குரலில், “பிரெஞ்சுல பாத்துக்கலாம்” என்றான்.

மார்க்கர் கை ஒரு நொடி நின்றது. “கிராஸை நேராத் தள்ளு. வளையுது” என்றார்.

அந்த நான்கு சொல்லுக்குப் பிறகு அவர்கள் இருவரும் ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்கள் என்று எனக்குப் பட்டது. யார் யாருக்கு ரசிகர் என்பது அதன் எதிரில் சின்ன விஷயம். அந்த ஜூனில் பாரிஸில் நடால் ஜோகோவிச்சை வென்று ஏழாவது கோப்பையைத் தூக்கினார். நடக்காமல் போயிருந்தாலும் பையன் அடுத்ததாக விம்பிள்டனைச் சொல்லியிருப்பான்.

2016 டிசம்பர். வர்தா புயல் கிளப்பின் தூங்குமூஞ்சி மரங்கள் இரண்டைச் சாய்த்துவிட்டுப் போயிருந்தது. கிளைகளை வெட்டிக் குவித்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் நின்று பையன் செல்போனில் செய்தியைக் காட்டினான். அவன் அப்போது குழந்தைகளுக்குக் கோச். மோயா நடாலின் பயிற்சிக் குழுவில் சேருகிறார். மார்க்கர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார். போனைத் திருப்பிக் கொடுக்காமல் இன்னொரு தடவை படித்தார்.

“பாத்தியா” என்றார்.

“பாத்தேன் மாமா.”

“யாரைக் கூப்பிட்டான் பாத்தியா?”

முப்பது வயதில், காயங்களோடு, இரண்டு வருடத்துக்கு மேலாக ஒரு கிராண்ட் ஸ்லாமும் இல்லாமல் நின்ற நடால் கூப்பிட்டது, 2008இல் தனக்கு எதிராக நாலு மேட்ச் பாயிண்ட் வைத்திருந்த ஆளை. மார்க்கர் அதை வெளியே சொல்லவில்லை. அவர் முகத்தில் அது எழுதியிருந்தது.

அடுத்த மாதம் நுங்கம்பாக்கத்தில் நடந்ததுதான் ஆண்கள் சென்னை ஓப்பனின் கடைசி வருடம். பிறகு போட்டி புனேவுக்குப் போய்விட்டது. அரங்கத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் அதில் வருத்தம் உண்டு. இருபது வருடம் மார்கழியில் இந்த ஊருக்கு சபாக் கச்சேரியும் டென்னிஸும் சேர்ந்தே இருந்தன. ஒன்றுதான் மிஞ்சியது.

அதே ஜனவரியின் கடைசி ஞாயிறு, ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதி. ஆறு மாதம் ஆடாமல் முழங்கால் சிகிச்சைக்குப் பிறகு வந்த முப்பத்தைந்து வயது பெடரர். எதிரில் நடால். வீரர்களின் பெட்டியில் மோயா. கிளப்பின் டிவி அறையில் நாற்காலி கொள்ளாத கூட்டம், முக்கால்வாசி பெடரர் ஆட்கள். மார்க்கரும் பையனும் கதவோரம் நின்றபடியே பார்த்தார்கள். இருவரும் ஒரே கட்சியாக நின்று நான் பார்த்த முதல் மேட்ச். ஐந்தாவது செட்டில் நடால் 3-1. பிறகு ஐந்து கேமும் தொடர்ச்சியாகப் பெடரருக்கு. அவர் பேக்ஹேண்டு அன்று எழும்பிய பந்தைப் பார்த்துப் பின்வாங்கவே இல்லை. முன்னால் வந்து தட்டையாக அடித்தார். 6-3. அறை குதித்தது. யாரோ மேசையைத் தட்டினார்கள்.

அந்த ஜூனில் பாரிஸில் நடால் ஒரு செட்டும் இழக்காமல் பத்தாவது முறை கோப்பை வாங்கியது பிற்பாடு நடந்த கதை. நான் சொல்ல வந்தது அந்த ஞாயிறு சாயங்காலத்தை. எதுவும் நடந்திராத, ஒரு தோல்வி மட்டும் கையில் இருந்த நேரம்.

பையன் வெளியே கிளம்பினான். மார்க்கர் அவன் தோளைப் பிடித்தார். “இருடா. பாக்ஸைக் காட்டுவான்.” காட்டினார்கள். மோயா எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தார். மார்க்கர் அந்த முகத்தைப் பார்த்து முடித்தபின்தான் அறையைவிட்டு வந்தார்.

“3-1 மாமா” என்றான் பையன்.

“அவன் சேந்து ரெண்டு மாசம்கூட ஆகலடா.”

“பெடரர் அந்த பேக்ஹேண்டை அப்படி அடிப்பாருன்னு யாருக்குத் தெரியும்.”

“இப்ப தெரிஞ்சிருச்சுல்ல. மண்ணு சீசன் எப்ப?”

“ஏப்ரல் நடுவுல. மான்டி கார்லோ.”

“ரெண்டரை மாசம்.” மார்க்கர் விரலை மடக்கினார். “சர்வீஸைக் கொஞ்சம் ஏத்துவான் பாரு. சர்வீஸ் போட்ட கையோட ஒரு ஃபோர்ஹேண்டு, அதோட பாயிண்ட் முடியணும். இந்த வயசுல இவன் இனிமே முப்பது ஷாட்டு ஓடக் கூடாது. அதைத்தான் சொல்லித் தருவான்.”

“பேக்ஹேண்டு மாமா. முதல்ல பேக்ஹேண்டு.”

“சர்வீஸுடா.”

ஆறு மணி வகுப்புப் பிள்ளைகள் பந்துக் கூடையைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். பையன் விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குள் போனான். மார்க்கர் வலைக்கு இந்தப் பக்கம் அவனோடு கூடவே நடந்து, மோயா சர்வீஸில் பந்தை எவ்வளவு உயரத்தில் அடிப்பார் என்று தன் பருத்த கையைத் தூக்கிக் காட்டினார். பையன், “நடாலுக்கு இடது கை மாமா” என்று சொல்லி, தன் இடது கையைத் தூக்கித் திருத்தினான்.